கேஸ் கட்டில் இல்லாத பத்து மாதம்



திருக்கோவிலூர் மேடையில் ஏறுகிறவர்கள் கபிலர் குன்றில் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் முதலாழ்வார்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கிய இடைகழியில் தொடங்குவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்குகிறேன். 2024 ஜூன் மூன்றாம் வாரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். 'பொம்பளைங்களுமா?' என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் நம்மில் பலர்.

யார் விற்றது, மெத்தனால் எந்த வழியாக வந்தது, போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்றெல்லாம் நாடே கேட்டது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனை வரை போனது. வழக்கு சிபிஐக்கு மாறியது. உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. வேண்டியவைதான். ஆனால் நான் குழந்தை மருத்துவன். 'பொம்பளைங்களுமா?' என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி எனக்கு வந்தது, வேறு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குடிக்கிற பெண் முழுகாமல் இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? அந்தப் பிள்ளை வளர்ந்து பதினாறு வயதில் போலீஸ் கையில் சிக்கினால், அவனிடம் இருக்கிற கோளாறை யார் கண்டுபிடிப்பார்கள்?

மெத்தனால் ஓரிரு நாளில் கொல்லும், அதனால் செய்தியாகும். நான் பேச வந்தது சாதாரண மதுவைப் பற்றி. வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சியதாக இருக்கட்டும், டாஸ்மாக்கில் வாங்கிய குவார்ட்டராக இருக்கட்டும், இரண்டிலும் இருப்பது எத்தனால்தான். கருவிலிருக்கும் பிள்ளைக்கு நல்ல சரக்கு, கெட்ட சரக்கு என்ற வேறுபாடு கிடையாது. தாய் குடித்தது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. அதைச் சிதைக்கிற அளவுக்குப் பிள்ளையின் கல்லீரல் முதிர்ந்திருக்காது. தாய்க்குப் போதை இறங்கிய பிறகும் பனிக்குட நீரில் மது தங்கியிருக்கும். இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று எந்த மருத்துவராலும் அளவு சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை.

இந்தப் பாதிப்புக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர். கருக்கால மதுப் பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். 1968இல் பிரான்சின் நான்ட் நகரத்தில் பால் லெமுவான் என்ற மருத்துவர், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 பிள்ளைகளைப் பார்த்து எழுதினார். பிரெஞ்சில் எழுதினார், வெளியுலகம் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு அந்த வருத்தம் புரியும். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் அதையே லான்செட் இதழில் ஆங்கிலத்தில் எழுதிப் பெயரும் வைத்தபோதுதான் உலகம் விழித்தது.

இந்தப் பாதிப்பைக் காட்டும் முக அடையாளங்கள் மூன்று. இன்று வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். சிரிக்கக் கூடாது, சிரித்தால் உதடு மெலிந்து கணக்குத் தப்பிவிடும். மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரை இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இறங்குகிறது, பாருங்கள். இந்தப் பாதிப்பு முழுமையாக உள்ள பிள்ளைக்கு அந்தப் பள்ளம் மழமழவென்று தட்டையாகிவிடும். மேலுதடு கோடு போல் மெலிந்திருக்கும். கண்ணின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள நீளம் குறைந்திருக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் உதட்டையும் பள்ளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து படிநிலைப் படங்களோடு ஓர் அட்டையே தயாரித்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும், 'அவ்வளவுதானா, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாமே' என்று தோன்றும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இந்த முக அடையாளங்களுக்கு வித்து விழுவது கரு தங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில். நாள் தள்ளிப்போனதே அப்போது பல பெண்களுக்கு உறைத்திருக்காது. அந்த இரண்டு வாரம் தப்பி, பிறகு மது பட்ட பிள்ளைக்கு முகம் நம் முகம் போலவே இருக்கும். மூளையோ பத்து மாதமும் வளர்வது. பத்து மாதமும் அடி வாங்கும். இந்தப் பாதிப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் முக அடையாளம் முழுதாக இருக்காது. அதோடு கண்ணின் நீளம் இனத்துக்கு இனம் மாறக்கூடியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவை எடுத்துக்கொண்டு சின்னசேலத்துப் பிள்ளையை அளந்தால் தவறாகிவிடும்.

மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் நீதிமன்றத்துக்கு வேண்டிய விஷயம். ஒரு பையனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைப் பையன்தான். ஊர் பெயர் வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். வயது பதினாறு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வாய் ஓயாமல் பேசுவான், சினிமாக் கதையைச் சுவையாகச் சொல்வான், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்திரண்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கி வரச் சொன்னால் மீதியைச் சரிபார்க்க மாட்டான். காலையில் சொன்னதை மத்தியானம் மறப்பான். மறுநாள் திடீரென்று நினைவு வரும். 'ஏறுடா' என்று கூட்டாளி சொன்னான், ஏறினான். வண்டி திருட்டு வண்டி.

ஸ்டேஷனில் கேட்கிறார்கள். "நீதானே எடுத்தே?" "ஆமா சார்." "பூட்டை எப்படி உடைச்சே?" "கல்லால சார்." "கள்ளச் சாவி போட்டுத் தெறந்ததா உன் கூட்டாளி சொல்றானே?" "ஆமா சார், சாவிதான்." இரண்டு நாள் கழித்து நன்னடத்தை அலுவலர் கேட்கிறார். அப்போது, "நான் அங்கயே இல்ல சார்" என்கிறான். அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? 'முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறான். ஒத்துழைப்புத் தரவில்லை. செய்த செயலுக்கு வருந்தியதாகத் தெரியவில்லை.' ஒவ்வொரு வரியும் கண்ணால் கண்டதுதான். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. நினைவில் விழுந்த ஓட்டையைக் கேள்வி கேட்பவர் கொடுக்கிற சொல்லைக் கொண்டே அடைக்கிறான். எதிரில் இருக்கிற பெரியவரின் முகம் மலர வேண்டும் என்பதுதான் அப்போது அவனுக்குத் தெரிகிற ஒரே குறிக்கோள்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் நியூசிலாந்துக்குப் போவோம். டெய்னா போரா என்ற மாவோரி இளைஞனைப் பதினேழு வயதில், 1993இல், ஆக்லாந்து போலீஸ் வழக்கறிஞர் இல்லாமல் நான்கு நாள் விசாரித்தது. ஒரு பெண்ணின் கொலையில் தான் உடனிருந்ததாகச் சொன்னான். கொலை நடந்த தெருவுக்கே கூட்டிப் போனார்கள். எந்த வீடு என்று அவனால் காட்ட முடியவில்லை. ஆனாலும் வாக்குமூலம் நின்றது. 1994இல் தண்டனை. இன்னொருவரின் டிஎன்ஏ கிடைத்து மறுவிசாரணை நடந்தபோதும், 2000இல் மீண்டும் தண்டனை. இருபது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தபின் லண்டன் பிரிவி கவுன்சில் 2015 மார்ச்சில் தண்டனையை ரத்து செய்தது. போராவுக்குக் கருக்கால மதுப் பாதிப்பு இருக்கிறது, அதனால் அவர் தந்த வாக்குமூலத்தை நம்ப முடியாது என்பதுதான் அடிப்படை. அந்தப் பெண்ணைக் கொன்றதாக வேறொருவருக்கு 2019இல் தண்டனை வந்தது. பதினேழு வயதிலேயே அவனை ஒருவர் சோதித்துப் பார்த்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பதைத் தவிர இப்போது செய்ய ஒன்றுமில்லை.

வெளிநாடுகளில் இளம் குற்றவாளிகளைச் சோதித்த கணக்குகள் சில உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நீதிமன்றம் மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பிய 287 இளைஞர்களைப் பார்த்ததில் 67 பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. 1999இல் வெளிவந்த கணக்கு. அந்த 67 பேரில் மிகச் சிலருக்குத்தான் முன்பே தெரிந்திருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பேங்க்சியா ஹில் காவல் இல்லத்தில் குழந்தை மருத்துவர், நரம்பு உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழி சிகிச்சையாளர் என்று ஒரு குழுவே உட்கார்ந்து 99 பேரை முழுமையாகச் சோதித்தது. 36 பேருக்கு இருந்தது. இருவருக்கு மட்டுமே முன்னர் கண்டறியப்பட்டிருந்தது. 2018இல் வந்த அந்த ஆய்வில் என்னை அதிகம் உலுக்கியது 36 அல்ல. மது காரணமோ இல்லையோ, அந்த இல்லத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு நினைவு, மொழி, கவனம், திட்டமிடல் போன்றவற்றில் ஏதேனும் ஒன்றில் கடுமையான குறை இருந்தது. மீதமுள்ள ஒருவனுக்காக வகுத்த விசாரணை முறையைத்தான் எல்லாருக்கும் நடத்தியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை அப்படியே கடலூர் கூர்நோக்கு இல்லத்துக்கோ சேலத்துக்கோ கொண்டுவந்து ஒட்டலாமா? கூடாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மது அருந்தும் ஆண்கள் 25.4 விழுக்காடு, பெண்கள் 0.3 விழுக்காடு. வீட்டுத் திண்ணையில் மாமியார் காதுபட, அறியாத ஒருவர் கேட்கிற கேள்விக்கு எந்தப் பெண் உண்மை சொல்வாள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். உண்மை எண்ணிக்கை இன்னும் கூடவே இருக்கும். கரும்பு வெட்டு முடிந்த மாலையில் உடம்பு வலிக்கென்று ஆணோடு சேர்ந்து பெண்ணும் கொஞ்சம் குடிப்பதை மூங்கில்துறைப்பட்டு ஆலைப் பக்கம் வளர்ந்தவர்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனாலும் கனடா, ஆஸ்திரேலிய அளவுக்கு இங்கே இருக்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் 2008லேயே இந்தப் பாதிப்பைப் பற்றி நம் குழந்தை மருத்துவர்களுக்கு எழுதினார்கள். அதற்குப் பிறகும் நம் பிள்ளைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்பிஎஸ்கே பட்டியலிட்டிருக்கும் முப்பது நிலைகளில் இது சேரவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலும் இதன் பெயர் இல்லை. அறிவுசார் குறைபாடு என்று சான்று வாங்கலாமே என்றால், இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஐ.க்யூ. எழுபதைத் தாண்டிவிடும். கணக்குப்படி அவன் சராசரிக்குச் சற்றுக் கீழே. வாழ்க்கையிலோ பத்து வயதுப் பிள்ளை.

பையனின் ஊர் பெயர் வேண்டாம் என்றேனே, அதற்கு வருகிறேன். கல்வராயன்மலை என்றாலே பத்திரிகையில் ஊறல் அழிப்புப் படம்தான். மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைப்பதும் மரவள்ளி போடுவதும் செய்தியாகாது. 1976 வரை அந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது என்பதும், அதனால் சாலையும் பள்ளியும் மருத்துவமும் எவ்வளவு தாமதமாக ஏறின என்பதும் யாருக்கும் நினைவில்லை. கருணாபுரத்தில் கொன்றது ஆலை மெத்தனால். மலையில் காய்ச்சியது அல்ல. அதற்கும் மலையைத்தான் முதலில் காட்டினார்கள். நாளைக்கு ஓர் அதிகாரி ஆர்வக் கோளாறில், 'மலைப் பெண்கள் குடிக்கிறார்கள், அதனால் மலைப் பிள்ளைகள் மூளைக் கோளாறோடு பிறந்து திருடுகிறார்கள்' என்று ஓர் அறிக்கை எழுதினால் என்ன ஆகும்?

அது புதிய அறிக்கை அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே அஜீஸ் நகரில் குடியேற்றம் வைத்து, குற்றம் ரத்தத்தில் வருகிறது என்று முத்திரை குத்திய மக்களைப் பிடித்துப்போட்டார்கள். ரத்தம் என்று அன்று சொன்ன இடத்தில் கருப்பை என்று இன்று சொல்வதற்கு அறிவியல் துணைபோகக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் இந்தப் பாதிப்பு உலகிலேயே மிக அதிகமாக உள்ள ஊர்கள் இருக்கின்றன. அங்கே திராட்சைத் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்தார்கள். 'டாப்' முறை என்று பெயர். அந்தத் தாய்மார்களைக் குடிகாரிகள் என்று சொல்பவர் முதலாளியின் பீப்பாயைப் பார்க்காதவர்.

ஆகவே சோதனையே வேண்டாமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்ல வந்தேன். எதைச் சோதிப்பது என்பதில்தான் என் பிடிவாதம். தாய் குடித்தாளா என்பதில் தொடங்குகிற சோதனை எனக்கு வேண்டாம். இந்தப் பையனுக்கு என்ன புரிகிறது, எவ்வளவு நினைவிருக்கிறது, எது முடியவில்லை என்பதில் தொடங்கி, காரணங்களைத் தேடிப் பின்னோக்கிப் போகிற சோதனை வேண்டும். பிரசவத்தில் மூச்சுத் திணறியிருக்கலாம்; குறைமாதமாக இருக்கலாம்; சிறுவயதில் வலிப்பு, மூளைக் காய்ச்சல், தலையில் அடி, ரத்தசோகை இருந்திருக்கலாம்; காது கேட்காமலே இருக்கலாம். மதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதுவரை நாம் மறந்தே போன காரணம் என்பதால் அதைச் சேர்க்கச் சொல்கிறேன். அதையே முதல் ஆளாக நிறுத்தச் சொல்லவில்லை.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. சிறார் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நூற்றாண்டு அனுபவம் உண்டு. செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி வந்தது 1887இல். நாட்டிலேயே முதல் சிறுவர் சட்டத்தை 1920இல் சென்னை மாகாணம் இயற்றியது. இப்போதுள்ள 2015 இளைஞர் நீதிச் சட்டம் 16 வயதுக்கு மேற்பட்டவன் கொடிய குற்றம் செய்ததாகக் குற்றச்சாட்டு வந்தால் 15ஆவது பிரிவின்படி தொடக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. குற்றம் செய்யும் உடல், மன ஆற்றல் அவனுக்கு இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று பார்க்க வேண்டும். அந்த மதிப்பீட்டைப் பொறுத்துத்தான் அவனைப் பெரியவனாக விசாரிப்பதா என்பது முடிவாகும். மதிப்பிடுகிற இளைஞர் நீதிக் குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால் நிபுணரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்படிப்பட்ட மதிப்பீட்டுக்கு முன்னோடியாக, இந்த ஊருக்குச் சொந்தமான ஒரு விசாரணை புறநானூற்றில் இருக்கிறது. மலையமான் திருக்கோவலூர் நாட்டுக்காரன். அவன் மேலுள்ள பகையில் அவன் பிள்ளைகளை யானைக் காலில் இடத் துணிந்தான் சோழன் கிள்ளிவளவன். கோவூர் கிழார் குறுக்கே நின்று தடுத்தார். சோழனின் குலப்பெருமையையும் மலையமான் மரபின் கொடையையும் சொன்னார் என்பது எல்லாரும் மேடையில் பேசுவது. நான் குழந்தை மருத்துவனாகப் படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அவர் அந்தப் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்திருக்கிறார். யானையைக் கண்டதும் அவர்கள் அழுகையை மறந்துவிட்டார்கள். கூடியிருந்த மன்றத்தைப் பார்த்துத்தான் மிரண்டார்கள். எதைக் கண்டு அஞ்ச வேண்டுமோ அது அவர்களுக்குத் தெரியவில்லை. விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் அவர்களிடம் இல்லை என்று அரசனிடம் அறிக்கை கொடுத்த முதல் ஆள் கோவூர் கிழார் என்று சொன்னால் தமிழறிஞர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

15ஆவது பிரிவு கொடிய குற்றங்களுக்கு மட்டும். நம் பையன்களில் பெரும்பாலோர் அங்கே வர மாட்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது நன்னடத்தை அலுவலர் எழுதும் சமூக விசாரணை அறிக்கை. பையன் முதன்முறை குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து பதினைந்து நாளில் அது வர வேண்டும். நான் கேட்பதெல்லாம் அந்தப் பதினைந்து நாளுக்குள் ஒரு மணி நேரம்.

தாயிடமோ, தாய் இல்லாவிட்டால் ஆயாவிடமோ பேச வேண்டும். ஸ்டேஷனில் அல்ல, நீதிமன்ற வராந்தாவில் அல்ல. வீட்டில், ஆண்கள் இல்லாத நேரத்தில், முடிந்தால் அந்தக் கிராமத்துச் செவிலியர் உடனிருக்க. பிறந்தபோது எடை எவ்வளவு, உடனே அழுதானா, எப்போது நடந்தான், எப்போது பேசினான், வலிப்பு வந்ததா, எந்த வகுப்பில் பள்ளி நின்றது. பழைய தாய் சேய் நல அட்டை தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு மடிந்து கிடக்கும். பல வீடுகளில் எடுத்துக் கொடுப்பார்கள். மது பற்றிய கேள்வி கடைசியில். 'கர்ப்பமா இருக்கும்போது குடிச்சியா?' என்று கேட்டால் 'இல்லை'தான் பதில், அதோடு பேச்சும் முடிந்தது. 'இவன் வயித்துல இருக்கான்னு தெரியறதுக்கு முன்னாடி, அந்த ஆடி, ஆவணி மாசத்துல வேலை எங்கம்மா? உடம்பு வலிக்கு என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டால் ஒரு கதை வரும். அந்தக் கதையில் கணவன் ஊற்றிக் கொடுத்ததும் இருக்கும், வயிற்றில் உதைத்ததும் இருக்கும். இந்தக் கேள்வியைக் குடிசைக்காரியிடம் மட்டுமல்ல, காரில் வந்து இறங்குகிற தாயிடமும் அதே வரிசையில் கேட்க வேண்டும். கேட்க மனம் வரவில்லையென்றால் யாரிடமும் கேட்க வேண்டாம்.

கனடாவில் நன்னடத்தை அலுவலர்களுக்கென்றே அசான்டே மையம் சலித்தெடுக்கும் படிவம் ஒன்று தயாரித்துக் கொடுத்தது. அதைக் கொண்டு நோயை முடிவு செய்ய முடியாது; மருத்துவரிடம் யாரை அனுப்புவது என்று பிரித்தெடுக்கத்தான் அது. தமிழில் அப்படி ஒன்று வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. குழந்தை மருத்துவமும் மனநல மருத்துவமும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் இந்தப் பையன்களுக்கு ஒதுக்கினால் காதும் கண்ணும் பார்த்து, மூளைத் திறனையும் ஓரளவு அளந்துவிடலாம். பேங்க்சியா ஹில் போல நான்கு நிபுணர் குழு வரும்வரை காத்திருந்தால் இந்தத் தலைமுறைக்கு முப்பது வயதாகிவிடும்.

ஒரு நிபந்தனையை இங்கே சேர்க்கிறேன். சோதனையில் கிடைத்தது பையனுக்கு எதிராகத் திரும்பக் கூடாது. 'மூளையே இப்படி, திருந்த மாட்டான், உள்ளே வை' என்று வாதாடுவதற்கு எந்த வழக்கறிஞருக்கும் அதிக நேரம் ஆகாது. முத்திரை குத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் மூன்றாவது பிரிவிலேயே எழுதப்பட்ட கொள்கை. உதவி இணைக்கப்படாத சோதனை வெறும் முத்திரைதான். அப்படியென்றால் சோதிக்காமல் இருப்பதே மேல். சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரெய்ஸ்குத் 1996இல் 415 பேரைப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வில், பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களில் 60 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் சட்டத்தில் சிக்கியிருந்தார்கள். எல்லாரும் அந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வு, ஆறு வயதுக்குள் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளும், அடிதடி இல்லாத நிலையான வீட்டில் வளர்ந்த பிள்ளைகளும் அவ்வளவாகச் சிக்கவில்லை என்றும் சொன்னது. பாதிப்பு மூளையில் இருந்தாலும் அவன் எங்கே போய்ச் சேர்கிறான் என்பதை வீடும் பள்ளியும் தீர்மானிக்கின்றன.

செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் ஒரு சிறுவன் இறந்ததும், அதன்பின் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு இல்லங்களை ஆராயக் குழு அமைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். இல்லங்களுக்குள் பையன்களோடு பேசும் முறை மாற வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டுமா? சொன்ன வேலையைச் செய்யாதவனை அடிப்பதற்கு முன், சொன்னது அவனுக்கு ஏறியதா என்று பார்க்கிற பழக்கம் வார்டன்களுக்கு வர வேண்டும். 'புரிஞ்சுதா?' என்றால் 'ஆமா' என்பான். 'நான் என்ன சொன்னேன், நீ சொல்லு' என்றால்தான் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு வேலை, குறுகிய வாக்கியம், தினமும் அதே நேரம், அதே ஆள். இந்த முறை மதுவால் பாதிக்கப்பட்டவனுக்கும் உதவும், காது மந்தமானவனுக்கும் உதவும், ஒன்றுமே இல்லாமல் பயந்து போயிருப்பவனுக்கும் உதவும். இதற்கு அரசாணை வேண்டியதில்லை.

வழக்கறிஞர் நண்பர்களுக்கு மட்டும் ஒன்று. ஜாமீன் நிபந்தனையை எழுதும்போது நீங்கள் கை பழகிய வரியையே எழுதுகிறீர்கள்: திங்கள், வியாழன் காலை பத்து மணிக்குக் கையெழுத்து, அடுத்த வாய்தாவுக்குத் தவறாமல் ஆஜர். கல்வராயன்மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து அந்தப் பத்து மணிக்கு வர எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பையனைக் கேட்டுப் பாருங்கள். அவனுக்கு விடை தெரியவில்லையென்றால், இரண்டாவது வாரத்தில் அவன் வராமல் போவதை மீறல் என்று யாரும் எழுதுவதற்கு முன்பே உங்களுக்குப் பாதி நோய் தெரிந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் என்பதை ஒரே நாளாக்கக் கேளுங்கள். சந்தை நாளாக இருந்தால் வீட்டில் யாராவது கூட்டி வருவார்கள். தேதியை அவனிடம் சொல்லாதீர்கள், ஆயாவின் போனுக்கு முதல் நாள் மாலை ஒரு அழைப்பு போடச் சொல்லுங்கள். குழுமம் மறுக்காது, கேட்டால் கொடுப்பார்கள். கேட்பதற்கு உங்கள் கையில் ஒரு காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை எழுதித் தருவது மருத்துவனின் வேலை. அதற்கு நான் தயார். இனி நீங்கள் கேளுங்கள்.